தலைக்கட்டுக் கணக்கு

அரசு அலுவலகத்தில் மேலதிகாரிக்குக் கோபம் முற்றினால் வாயில் வரும் மிரட்டல் ஒன்று உண்டு: "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்." அந்தக் காடு எது என்று யாரும் விளக்கம் கேட்பதில்லை. இராமநாதபுரம்தான். அதிலும் கமுதி, முதுகுளத்தூர், கடலாடி என்றால் தண்டனை முழுசு. சினிமாவில் போலீஸ்காரரை மிரட்டும் மந்திரியும் இதையே சொன்னார். ஒரு வட்டாரத்தின் பெயரையே தண்டனையாக்கி வைத்துக்கொண்டோம். அங்கே பிறந்து வளரும் பிள்ளைகளும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்களே என்ற யோசனை யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

மழைக் கணக்கைப் பார்த்தால் இந்த வசவு பொய். மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி 820 மில்லிமீட்டரைத் தாண்டும். கோயம்புத்தூர் மாவட்டத்துக்குக் கிடைப்பது இதைவிடக் குறைவு. கோவைக்கு மாற்றலாகிப் போகிறவரை யாரும் துக்கம் விசாரிப்பதில்லை. வித்தியாசம் மழையின் அளவில் இல்லை. இங்கே பெரும்பகுதி மழை ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களுக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. நிலம் தட்டையாகக் கடலை நோக்கிச் சரிகிறது. பூமிக்குள் இறங்கும் நீரைப் பல இடங்களில் உப்பு பிடித்துக்கொள்கிறது. விழுகிற தண்ணீரை விழுந்த இடத்திலேயே மண் கரை போட்டு நிறுத்தினால்தான் உண்டு. அப்படி நிறுத்தி வைத்தது பாசனத்துக்குக் கண்மாய், குடிப்பதற்கு ஊருணி. இந்த இரண்டும் நன்றாக இருந்தபோது இது தண்ணியில்லாக் காடாக இருக்கவில்லை. கமுதிப் பக்கத்தில் குண்டாற்றிலிருந்து, இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள் காலத்தில் வெட்டிய கால்வாய்க்கு ரகுநாத காவிரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காவிரி என்று பெயர் வைக்க ஒரு தைரியம் வேண்டும்.

புறக்கணிப்பு வானத்திலிருந்து விழவில்லை, கட்டம் கட்டமாக நடந்தது. 1949-இல் ஜமீன் போனது. ஜமீனுக்குச் சொந்தமாக இருந்த கண்மாய்கள் அரசாங்கத்திடம் வந்தன. பொதுப்பணித் துறைக் கோப்புகளில் இன்றும் அவை 'எக்ஸ் ஜமீன் கண்மாய்' என்றே ஓடுகின்றன, மாற்றாந்தாய் வீட்டுப் பிள்ளை மாதிரி. 1985-இல் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். தீப்பெட்டியும் பட்டாசும் அச்சகமும் இருந்த சிவகாசி, பருப்பும் எண்ணெயும் கைமாறும் விருதுநகர், ஆலைகள் இருந்த இராஜபாளையம் எல்லாம் ஒரு பக்கம் போயின. காரைக்குடி இன்னொரு பக்கம் போனது. மிச்சமிருந்தது கடற்கரையும் கண்மாய்க்காடும். கமுதி அந்த மிச்சத்தின் மேற்கு ஓரம். கரிசலில் மிளகாயும் பருத்தியும் போட்டு, மழை பொய்த்தால் சீமைக்கருவேலை வெட்டி, மூட்டம் போட்டுக் கரி எடுத்துப் பிழைக்கும் ஊர்கள் சூழ்ந்த பேரூராட்சி.

பிறகு இந்த இடத்தை வெளியிலிருந்து சிலர் 'கண்டுபிடித்தார்கள்'. 2016-இல் கமுதிக்குப் பக்கத்தில் சுமார் 2,500 ஏக்கரில் அதானி குழுமம் 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தைக் கட்டி முடித்தது. ஒரே இடத்தில் அமைந்தவற்றில் உலகிலேயே பெரியது என்று அப்போது சொல்லப்பட்டது. எட்டு மாதத்தில் முடித்தோம் என்றார்கள். 2018-இல் ஒன்றிய அரசு, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று புதுப்பெயர் சூட்டியபோது, தமிழ்நாட்டிலிருந்து பட்டியலில் ஏறியவை இராமநாதபுரமும் விருதுநகரும். இரண்டையும் நான் குறை சொல்ல வரவில்லை. வெயிலுக்கு விலை கிடைத்தது நல்லதுதான். ஆனால் தூரத்திலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்கு இந்தச் சீமை எப்போதும் காலி இடமாகத்தான் படுகிறது. தகடு பதிக்கக் காலி இடம், குறியீட்டு எண்ணை உயர்த்தக் காலி இடம். இங்கே ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது, அந்தக் கணக்கில் சேர்க்கையும் விலக்கும் சண்டையும் இருக்கின்றன என்பதிலிருந்து தொடங்குகிறவர்கள் குறைவு.

அப்படித் தொடங்கியவர்களில் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையைச் சொல்லலாம். 1997-இல் தனி அமைப்பானது. அதற்கு முன் பிரதான் என்ற அகில இந்தியத் தொண்டு நிறுவனத்தின் மதுரைக் கிளையாக இருந்தது. எம்.பி. வாசிமலை தலைமையில் முதலில் பெண்களின் சிறுசேமிப்புக் குழுக்களான களஞ்சியம், பிறகு 1992-இல் கண்மாய்ப் பாசன விவசாயிகளுக்கான வயலகம். இராமநாதபுரம் மாவட்டத்தில் கண்மாய்களோடு ஊருணிகளையும் கையில் எடுத்தார்கள். அவர்கள் வேலையில் இரண்டு விதிகள் முக்கியம். ஒப்பந்ததாரருக்கு வேலை கிடையாது, ஊர்ச் சங்கமே வேலையை எடுத்துச் செய்யும். மதிப்பீட்டில் ஒரு பங்கை ஊர் போட வேண்டும்.

முதல் விதி ஏன் என்பதை ஊருணிக்குள் இறங்கினால்தான் விளங்கிக்கொள்ள முடியும். கடல் பக்கத்து ஊருணியின் அடியில் களிமண் படுகை ஒன்று இருக்கிறது. மேலே நிற்கும் நல்ல தண்ணீரையும் கீழே இருக்கும் உப்புத் தண்ணீரையும் பிரித்து வைப்பது அந்தப் படுகைதான். தூர் வாரும்போது வண்டல் வரை எடுக்கலாம், படுகையைக் கிழிக்கக் கூடாது. கிழித்தால் ஒன்று, நின்ற தண்ணீர் கீழே இறங்கிவிடும். அல்லது உவர் மேலே ஏறிவிடும். ஒப்பந்ததாரருக்குப் பணம் கனமீட்டர் கணக்கில் வருகிறது. பொக்லைன் எவ்வளவு ஆழம் போகிறதோ அவ்வளவும் அளவுப் புத்தகத்தில் ஏறும். எனவே ஆழப்படுத்துவது அவருக்கு லாபம், ஊருணிக்கு மரணம். அந்த ஓட்டுநர் எங்கோ வெளியூர்க்காரர், ராத்திரிக்குள் முடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போக வேண்டியவர். கரையில் நிற்கும் பெரியவர் இறங்கி வந்து, வாளியில் வந்த மண்ணை விரலால் நசுக்கிப் பார்த்து, "போதும் தம்பி, இதுக்குக் கீழ போனா உவர் தட்டிரும்" என்று சொன்னால் ஓட்டுநர் நிறுத்த வேண்டும். நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அந்தப் பெரியவருக்கு இருக்க வேண்டும். அதிகாரம் எங்கிருந்து வரும்? வேலை அவருடைய சங்கத்தின் பெயரில் இருந்தால் வரும். பணத்தில் அவர் வீட்டுப் பங்கும் இருந்தால் இன்னும் அழுத்தமாக வரும்.

இரண்டாவது விதியைப் பற்றி நகரத்து நண்பர்களிடம் பேசினால் முகம் சுளிப்பார்கள். ஏழைகளிடம் போய் ஏன் காசு கேட்கிறீர்கள், வரிப்பணத்தில் அரசு செய்ய வேண்டியதல்லவா என்பார்கள். நியாயமான கேள்வி. சென்னையில் ஒரு தெருவுக்குக் குழாய் போட அந்தத் தெருவாசிகளிடம் யாரும் உண்டியல் குலுக்குவதில்லை. ஆனால் இந்தச் சீமையில் காசு கேட்பதற்கு வேறொரு அர்த்தம் இருக்கிறது. கோயில் கொடைக்கும் முளைக்கொட்டுக்கும் ஊர் கூடி வரி போடும்போது, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று நோட்டில் எழுதுவார்கள். கல்யாணம் ஆனவன் ஒரு தலைக்கட்டு. தனிக்குடித்தனம் போன மகன் அடுத்த ஆண்டிலிருந்து இன்னொரு தலைக்கட்டு. வரி கொடுத்தவனுக்குக் கூட்டத்தில் எழுந்து பேச இடம் உண்டு, மரியாதையில் பங்கு உண்டு. பகை முற்றி ஒருவனை ஒதுக்கி வைக்க வேண்டுமென்றால் ஊர் அவனை அடிக்காது, வையாது. வரி வாங்க மாட்டோம் என்று சொல்லிவிடும். அவ்வளவுதான், அவன் கதை முடிந்தது. அபராதம் கட்டி, காலில் விழுந்து, மறுபடி வரி வாங்க வைத்துக்கொள்வதற்குள் ஒரு தலைமுறை போய்விடும். இங்கே ஒருவனிடம் பங்கு கேட்பது என்பது நீயும் இந்த ஊர்க்காரன் என்று ஒப்புக்கொள்வது.

இதை யார் சொல்வது என்பதில்தான் கமுதிக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1897 மே மாதம் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் நுழைந்து வழிபட்டார்கள். கோயிலின் பரம்பரை அறங்காவலரான பாஸ்கர சேதுபதி வழக்குப் போட்டார். கோயிலைப் புனிதப்படுத்த ஆகும் செலவுக்கு நஷ்டஈடும் கேட்டார். 1899-இல் மதுரை சார்பு நீதிமன்றம் நுழைந்தவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு சிவகாசியில் கலவரம் வெடித்தது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-இல் அங்கேயும் அதே முடிவுதான் வந்தது. இதில் சுவாரசியமான ஒரு தேதிப் பொருத்தம் உண்டு. அந்த 1897-இன் ஜனவரியில்தான் மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தரைப் பாம்பனில் கொண்டாடி வரவேற்றார் இதே பாஸ்கர சேதுபதி. அவரைச் சிகாகோ போகத் தூண்டி உதவியவர்களில் ஒருவர். நாலே மாதத்தில் கமுதி. வள்ளல், பண்டிதர், முற்போக்கான மன்னர் என்று எல்லாம் உண்மை. வழக்கும் உண்மை.

வியாபாரத்தில் தலையெடுத்து, ஊருக்குள் காசு புழங்கக் காரணமாக இருந்து, கோயிலுக்குக் கொடுக்கவும் தயாராக இருந்தவர்களின் பங்கை அந்தக் கோயில் வாங்க மறுத்தது என்றுதான் இந்த வழக்கை நான் புரிந்துகொள்கிறேன். மறுக்கப்பட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பது இந்தக் கட்டுரையின் விஷயத்துக்கு நேராக வருகிறது. அந்தச் சமூகத்தார் பழைய இராமநாதபுரம் சீமை ஊர்களில் ஏற்கெனவே மகமை என்ற முறையை வைத்திருந்தார்கள். மூட்டைக்கு இவ்வளவு, விற்பனைக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு வியாபாரியும் சிறு தொகை எடுத்து உறவின்முறைப் பொதுநிதியில் போட வேண்டும். அந்தப் பணத்தில் பேட்டை, கிணறு, கோயில், பள்ளிக்கூடம். விருதுநகரில் 1885-இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை அப்படி வளர்ந்தது. வீட்டுக்கு வீடு பிடியரிசி வாங்கி நடத்திய பள்ளி என்று அதைச் சொல்வார்கள். காமராசர் படித்தது அங்கேதான். தொண்டு நிறுவனம் என்ற பேச்சே இல்லாத காலத்தில், வெளிப்பணம் ஒரு காசு இல்லாமல், கைவிடப்பட்டவர்கள் தங்கள் தெருவைத் தாங்களே தூக்கி நிறுத்திய வேலை அது. இன்று வளர்ச்சித் துறையில் நிதி கொடுக்கிறவர்கள் கனவு காணும் எல்லாம் அதில் இருந்தன. நிரந்தர வருமானம், உள்ளூர் நிர்வாகம், தணிக்கை. ஒன்று மட்டும் இல்லை. பள்ளியில் மற்றவர் வீட்டுப் பிள்ளைகளும் படித்தார்கள், கணக்கு நோட்டில் மற்றவர் பெயர் இல்லை. கோயில் நோட்டில் இடம் கிடைக்காதவர்கள் தங்களுக்கென ஒரு நோட்டுப் போட்டுக்கொண்டார்கள். அதற்கும் ஓர் எல்லைக்கோடு இருந்தது. 1939 ஜூலையில் வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போன சிறு குழுவில் தலித்துகளோடு ஒரு நாடாரும் இருந்தார். நாடார் மேல் இருந்த விலக்கும் தலித் மேல் இருந்த விலக்கும் ஒரே வாசல் வழியாக உள்ளே போன நாள் அது.

மக்களே முன்னின்று ஊரைச் சீர்செய்தார்கள் என்று எங்கே படித்தாலும் எனக்கு இந்த நோட்டு ஞாபகம்தான் வருகிறது. எந்த மக்கள்? குடிமராமத்து என்ற சொல்லைக் கேட்டால் நம்மில் பலருக்குக் கண் பனிக்கிறது. ஊரே மண்வெட்டியோடு திரண்டு கண்மாய்க்கரை போட்ட பொற்காலம். 1858-இல் ஆங்கில அரசு சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்து, வழக்கப்படி வேலைக்கு வராதவர்களிடம் பணம் வசூலிக்க வழி செய்தது. தானாகத் திரண்டவர்களுக்குச் சட்டம் எதற்கு? மண் சுமந்தவர்கள் யார், மடை திறந்தவர்கள் யார், அந்தத் தண்ணீர் யார் வயலுக்குப் போனது என்று கேட்டால் பொற்காலத்தின் முலாம் கொஞ்சம் உரியும். இந்தப் பகுதிக் கண்மாய்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த மானிடவியலாளர் டேவிட் மோஸ், 2003-இல் வந்த 'தி ரூல் ஆஃப் வாட்டர்' நூலில் இதைத்தான் விரிவாகக் காட்டுகிறார். கண்மாய் ஒருபோதும் அரசியலுக்கு வெளியே இருந்த ஊர்ப்பொதுவாக இருந்ததில்லை. ராஜா, அம்பலம், முதல் மரியாதை என்ற அதிகார ஏணியோடுதான் தண்ணீரும் ஓடியது.

2017-இல் தமிழக அரசு குடிமராமத்தை மறுபடி கொண்டுவந்தது. முதல் கட்டமாக 1,519 பணிகளுக்கு 100 கோடி. பத்தில் ஒரு பங்கைப் பாசனதாரர்கள் உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தர வேண்டும் என்று விதி வைத்தார்கள். தொண்டு நிறுவனங்கள் கால் நூற்றாண்டு ஊர் ஊராகச் செய்து பார்த்த முறை அரசாணை ஆகிவிட்டது என்று சந்தோஷப்படலாம். ஆனால் பாசனதாரர் என்றால் ஆயக்கட்டில் பட்டா வைத்திருப்பவர். 2000-ஆம் ஆண்டின் விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டம் அப்படித்தான் கணக்கெடுக்கிறது. கண்மாயில் ஆடு மேய்ப்பவர், மீன் பிடிப்பவர், கோரை அறுப்பவர், கருவேலில் மூட்டம் போடுபவர், வயலில் கூலிக்கு நாற்று நடும் பெண், இவர்கள் யாரும் அந்தச் சங்கத்தில் உறுப்பினர் இல்லை. பங்கைப் பாசனதாரர் சார்பில் ஒப்பந்ததாரரே கட்டிவிட்டு வேலையை எடுத்துக்கொண்ட கதைகளும் உண்டு. அந்த ஊர்களில் தூர் வாரியதாகப் பலகை நிற்கிறது.

ஊருணி இந்த இடத்தில்தான் கண்மாயிலிருந்து வேறுபடுகிறது. ஊருணிக்கு ஆயக்கட்டு கிடையாது, பட்டா கிடையாது, கடைமடை கிடையாது. தாகம் எடுக்கும் வீடெல்லாம் அதற்குப் பாத்தியம். ஆகவே ஊருணியைப் புதுப்பிக்கக் கூட்டம் போட்டால் நிலமில்லாதவரையும் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். ஒரு தொண்டு நிறுவனம் எங்கே தொடங்க வேண்டும் என்று என்னைக் கேட்டால் கண்மாயில் இல்லை, ஊருணியில் என்பேன். அது எளிது என்பதால் சொல்லவில்லை. பல ஊர்களில் தலித்துகள் வாழும் காலனிக்குத் தனி ஊருணி. ஊர்ப் பெரிய ஊருணியில் அவர்கள் குடம் படக் கூடாது என்பது எழுதாத விதி. தோண்டும் பணம் பெரிய ஊருணிக்கு வந்தால் அது யாருடைய ஊருணி? பங்கைக் காலனியிலும் வாங்கினால் தண்ணீரையும் கொடுத்தாக வேண்டும். வாங்காவிட்டால் பிரச்சினை இல்லை. கூட்டத்தில் யாரும் இதை இப்படி உடைத்துப் பேச மாட்டார்கள். "அவுக பாவம், கூலிக்காரவுக, அவுககிட்டப் போயி என்னத்த வாங்குறது, நம்மளே போட்டுக்கிருவோம்ணே" என்று ஒருவர் சொல்வார். கேட்க இரக்கம் மாதிரி இருக்கும். பெரும்பாலான தொண்டர்கள் அந்த இடத்தில் தலையாட்டிவிட்டுத் தீர்மானத்தை எழுதிக்கொண்டு வந்துவிடுவார்கள். திரும்பிப் போய், இன்னும் ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை என்று காலனியிலும் உட்கார்ந்து பேசி, அவர்கள் பங்கையும் நோட்டில் ஏற்றிய பிறகே மண் வெட்ட விடுகிறவர் அபூர்வம். நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது, பணத்தைச் செலவழித்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது அவருக்குமான கஷ்டம்.

பெண்கள் விஷயமும் இதில் இருக்கிறது. தலைக்கட்டு என்பது ஆணின் தலை. புருஷன் செத்துப்போனவளுக்குச் சில ஊர்களில் அரை வரி. சலுகைதான், ஆனால் அரை வரி கொடுப்பவளுக்குக் கூட்டத்தில் அரைப்பேச்சுக்கூடக் கிடையாது. ஊருணிக்கு நடப்பது, ஊற்றில் சிரட்டையால் தண்ணீர் மொள்வது, கலங்கல் தெளியத் தேற்றாங்கொட்டை இழைப்பது எல்லாம் அவள் வேலை. எந்தப் பக்கம் பாசி பிடிக்கிறது, எந்தப் படித்துறையில் வழுக்கும், கோடையில் கடைசியாக எந்த மூலையில் தண்ணீர் தங்கும் என்று அவளுக்குத்தான் தெரியும். ஆனால் ஊர்க்கூட்டம் நடக்கும் முளைக்கொட்டுத் திண்ணையில் அவள் உட்கார முடியாது. களஞ்சியம் மாதிரியான குழுக்கள் இந்த இடத்தில் செய்த மாற்றம் பெரிய சத்தமில்லாதது. சேமிப்புப் புத்தகத்தில் வீட்டின் பெயர் இல்லை, ஒவ்வொருத்தியின் பெயரும் தனித்தனியாக இருக்கிறது. அழகர்கோயில் பக்கத்துப் புல்லுசேரியில் நடவுக்கும் அறுப்புக்கும் பெண்களைக் கூட்டிப் போகும் கொத்துத் தலைவியாக இருந்த சின்னப்பிள்ளை, அந்தப் புத்தகங்களின் வழியாகத்தான் கூட்டமைப்புத் தலைவியாக உயர்ந்தார். 2001-இல் விருது கொடுத்த மேடையில் பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கிய படத்தை எல்லோரும் பார்த்தோம். 2019-இல் பத்மஸ்ரீ. அந்தப் படத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய பத்துப் பன்னிரண்டு வருஷம் அவர் ஊர் ஊராக நடந்து, மேல்தெருப் பெண்ணையும் கீழ்தெருப் பெண்ணையும் ஒரே பாயில் உட்காரவைத்து வரவு செலவு வாசிக்கச் செய்தது. அதைப் படம் பிடிக்க யாரும் போகவில்லை.

2009-இல் திருச்சிப் பக்கத்துக் காவிரியிலிருந்து 616 கோடி ரூபாய்க் கூட்டுக்குடிநீர்த் திட்டம் இந்தச் சீமைக்கு வந்தது. நல்ல காரியம். குழாயடிக்கு ஊருணி போலப் படித்துறைத் தீட்டு கிடையாது. ஆனால் குழாய் வந்ததும் ஊருணியை ஊர் மறந்தது. வரத்துக்காலில் வீடு வந்தது, கரையில் கருவேல் ஏறியது. குழாய்க் கடைசியில் இருக்கும் ஊர்களுக்குத் தண்ணீர் வாரத்தில் எந்த நாள் வரும் என்று சொல்ல முடியாது. கமுதியிலிருந்து முதுகுளத்தூர் போகும் வழியில் வீட்டு வாசல்களைப் பார்த்துக்கொண்டே போனால் வட்ட வட்டமாக ஓட்டை வைத்த இரும்புத் தள்ளுவண்டி நிற்கும். ஓட்டைக்கு ஒரு குடம். வேறு மாவட்டத்துக்காரர் அது என்ன வண்டி என்று கேட்பார். பெண்கள் தூரத்துக் குழாயிலிருந்து தண்ணீர் கொண்டுவர இந்த மண்ணில் தச்சரும் பட்டறைக்காரரும் கண்டுபிடித்த வாகனம். எந்தத் திட்டத்திலும் அது கிடையாது. மானியமும் கிடையாது. அதில்லாத வீடும் கிடையாது.

ஏழைகளிடம் ஏன் பங்கு கேட்க வேண்டும் என்ற அதே கேள்வியைக் கராச்சியின் ஒராங்கியில் 1980-இல் அக்தர் ஹமீத் கான் எதிர்கொண்டார். ஐ.சி.எஸ். பதவியை உதறியவர். அரசுக் கணக்கில் இல்லாத பெரும் குடியிருப்பு, சாக்கடை கிடையாது. இலவசமாக அரசு கட்டித்தர வேண்டும் என்று மக்கள் காத்திருந்தார்கள். அவர் சந்துக்குச் சந்து பேசினார். இருபது முப்பது வீடுகள் உள்ள ஒரு சந்து தனக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, பணம் வசூலித்து, தன் சந்துச் சாக்கடையைத் தானே போட்டுக்கொள்ள வேண்டும். நிறுவனம் வரைபடமும் அளவும் யோசனையும் மட்டும் தரும். லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் அப்படிச் செய்துகொண்டன, ஒப்பந்ததாரர் செலவில் ஒரு சிறு பங்கில். எனக்கு அதில் பிடித்தது அவர் போட்ட பாகப்பிரிவினை. கழிவறையும் சந்துச் சாக்கடையும் மக்கள் பொறுப்பு, எல்லாச் சந்தும் வந்து சேரும் பெருங்கால்வாய் அரசின் பொறுப்பு. அதையும் மக்கள் தலையில் கட்ட அவர் ஒப்பவில்லை. எந்தத் தெருவில் எந்தக் குழாய் போகிறது, யார் தண்ணீரைத் திருடி லாரியில் விற்கிறார்கள் என்று தொடர்ந்து வரைபடம் போட்டுக்கொண்டிருந்த பர்வீன் ரஹ்மானை 2013-இல் சுட்டுக் கொன்றார்கள். கணக்கு எழுதுவது சாதுவான வேலை இல்லை.

கமுதிச் சுற்றுவட்டாரத்தில் இன்று நோட்டு வேறு மாதிரி விரிந்திருக்கிறது. பாதித் தலைக்கட்டு ஊரில் இல்லை. திருப்பூர், சென்னை, மும்பை, வளைகுடா. திருவிழா வரி கைப்பேசியில் நிமிஷத்தில் வந்துவிடுகிறது, கேட்டதைவிடக் கூடுதலாகவே வருகிறது. அந்தப் பணம் எதற்குப் போகிறது என்று பாருங்கள். ஊர் முகப்பில் சிமெண்டு வளைவு, கோயிலுக்குக் கிரானைட் தளம், மைக் செட். ஆண்டுக்கு நான்கு நாள் வருகிறவருக்கு வளைவு கண்ணில் படுகிறது, வரத்துக்கால் படுவதில்லை. கண்மாயின் கருவேல் ஏலம் போகும் ஊர்களில் அந்தப் பணமும் பல இடங்களில் கோயிலுக்குத்தான். சீமைக்கருவேலை அடியோடு ஒழிக்கச் சொல்லி 2017-இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை உத்தரவிட்டபோது ஊர் ஊராக இயந்திரம் இறங்கியது. பிறகு அந்த வேகம் அடங்கியது, கருவேல் மறுபடி துளிர்த்தது. வெட்டிய மரத்தின் காசில் கொஞ்சத்தை வரத்துக்காலுக்கு ஒதுக்கும் தீர்மானம் எத்தனை ஊரில் போடப்பட்டது? வயலக முறையில் பராமரிப்புக்கென்று ஒரு வைப்புநிதி கட்டி, வட்டியில் ஆண்டுதோறும் மடையும் கலுங்கும் பார்க்க வேண்டும் என்று வைத்திருப்பது இதனால்தான். தூர் வாருவது ஒரு பருவ வேலை. நிதியைக் காப்பாற்றுவது, அதன்மேல் கோயில் கமிட்டி கை வைக்காமல் பார்ப்பது, வருஷா வருஷம் சண்டை. நிறுவனத்தின் ஜீப் போன பிறகும் அந்தச் சண்டையைப் போட ஊரில் நான்கு பேர் மிஞ்சுகிறார்களா என்பதை வைத்துத்தான் நான் அவர்கள் வேலையை மதிப்பிடுவேன். புதுக் கரையின் படத்தை வைத்து இல்லை.

ஊர் தன் எல்லைக்குள் எல்லாம் சரியாகச் செய்தாலும் தண்ணீர் மேலேயிருந்துதான் வர வேண்டும். குண்டாறு திருமங்கலம், திருச்சுழி வழியாகக் கமுதிக்கு வந்து, மூக்கையூர் பக்கம் கடலுக்குப் போகிறது. மேற்கே ஒவ்வொரு அணையும் கால்வாயும் எடுத்தது போக மிச்சம்தான் இங்கே. கண்மாய்களும் தனித்தனியாக இல்லை. மேலூர்க் கண்மாயின் கலுங்கு வழிந்தால்தான் கீழூர்க் கண்மாய்க்கு வரத்து. மழை குறைந்த வருஷத்தில் மேலூர்க்காரர் ராத்திரியோடு ராத்திரியாகக் கலுங்கில் மணல் மூட்டை அடுக்கிவிட்டால் கீழே பத்து ஊர் காயும். இதற்காகத்தான் கண்மாய்த் தொடருக்கு ஒரு கூட்டுச் சங்கம் என்று தானம் போன்றவர்கள் யோசித்தார்கள். சொல்லச் சுலபம். தன் ஊருக்குள் தெருவுக்குத் தெரு ஒத்துப்போக ஒரு தலைமுறை எடுத்துக்கொண்டவர்கள், பக்கத்து ஊரோடும் வேறு சாதிக்காரர் பெருவாரியாக உள்ள ஊரோடும் ஒரே பையில் காசு போட வேண்டும்.

2021 பிப்ரவரியில் காவிரி – வைகை – குண்டாறு இணைப்புக்கு அடிக்கல் நாட்டினார்கள். 262 கிலோமீட்டர், 14,400 கோடி மதிப்பீடு. வெள்ளக்காலத்து உபரியைக் குண்டாறு வரை கொண்டுவரும் திட்டம். ரகுநாத காவிரி என்று பெயர் வைத்தவர்களின் ஆசைக்கு இந்த முறை சிமெண்டுக் கால்வாய். அக்தர் ஹமீத் கானின் பாகப்பிரிவினைப்படி இது அரசின் பங்கு. அதை ஊர்ச் சங்கத்தின் உற்சாகத்தைக் காட்டித் தட்டிக்கழிக்க விடக் கூடாது. ஆனால் குண்டாற்றில் தண்ணீர் வந்து சேரும் நாளில் அது எந்தக் கண்மாய்க்கு முதலில், எத்தனை நாள், எந்தக் கலுங்கு எவ்வளவு உயரம் என்பதையெல்லாம் பொறியாளர் தீர்மானிக்கப் போவதில்லை. அதற்கு மேலூரும் கீழூரும் காலனியும் கூடிப் பேச வேண்டும். அந்தக் கூட்டத்தை எந்த ஊர்த் திண்ணையில் போடுவது என்பதிலேயே முதல் தகராறு வரும்.